கோல் அடிக்காத முன்கள வீரன்: அணித்தெரிவு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே உதைபந்தாட்டம் பொழுதுபோக்கு என்னும் எல்லையைக் கடந்து நெடுங்காலமாயிற்று. குருநகர், பாசையூர், நாவாந்துறை முதலிய கரையோரப் பகுதிகளிலும், வலிகாமத்தில் இளவாலை, தெல்லிப்பழை ஆகிய ஊர்களிலும், ஓர் அணியின் தோல்வி மறுநாட் காலையிலும் தேநீர்க்கடைப் பேச்சில் உயிரோடிருக்கும். அவ்விடத்து முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “உவனை ஏன் இறக்கினவை?” எதிரணியின் திறமை பற்றியோ மத்தியஸ்தரின் தவறு பற்றியோ பேச்செழுவது அதற்குப் பின்னர்தான். குறிப்பிடப்படும் ‘உவன்’ அநேகமாக ஒரு முன்கள வீரனாக இருப்பான். அன்று கோல் அடித்திருக்க மாட்டான். சென்ற ஆட்டத்திலும் அடித்திருக்க மாட்டான். அடுத்த ஆட்டத்திலும் அணியில் இருப்பான்.

இக்கேள்விக்கு வழமையாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. தெரிவாளருக்கு அவன் வேண்டியவன் என்பது ஒன்று. அவன் அனுபவசாலி என்பது மற்றொன்று. முன்னையது குற்றச்சாட்டு, பின்னையது சமாதானம். இரண்டுமே ஆட்டத்தைப் பார்த்துக் கூறப்பட்டவை அல்ல. ஆட்டத்தில் அவன் செய்தது என்ன, அவன் இல்லாதிருந்தால் ஏனைய பத்துப் பேரும் எவ்வாறு ஆடியிருப்பர் என்னும் விசாரணை இரண்டிலும் இடம்பெறுவதில்லை. இலக்கியத்திலே ஒரு நூலைப் படியாது ஆசிரியரின் ஊரையும் உறவையும் கொண்டு மதிப்பிடுவதைக் கண்டிக்கின்ற சமூகம், மைதானத்தில் மட்டும் அம்முறையைக் கைவிடாது வைத்திருப்பது வியப்புக்குரியது.

கோல் என்னும் அளவுகோல் இவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்குக் காரணம் உண்டு. உதைபந்தாட்டத்தில் எண்ணிக் கூறத்தக்க நிகழ்வுகள் மிகக் குறைவு. தொண்ணூறு நிமிடங்களில் பந்து ஆயிரம் தடவை கால் மாறினாலும் மறுநாட் பத்திரிகையில் இடம்பெறுவது இரண்டோ மூன்றோ தொடுகைகள்தான். ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் ஒலிபெருக்கியில் வர்ணனை செய்பவரும் பந்து எதிரணியின் தண்ட எல்லையை நெருங்கும்போதே குரலை உயர்த்துகிறார். ஆட்டத்தின் பெரும்பகுதி, அதாவது பந்தில்லாத இடத்தில் நிகழும் ஓட்டமும் மறிப்பும் இடம்பிடித்தலும், எந்தப் பதிவிலும் ஏறாது மாலை இருளோடு மறைந்துவிடுகின்றது. பதிவில் ஏறியவற்றை மட்டும் உழைப்பு எனக் கொள்ளும் பழக்கம் இவ்வாறு உருவாகின்றது.

துடுப்பாட்டத்தில் நிலைமை வேறு. அங்கு ஒவ்வொரு பந்தும் ஏட்டில் ஏறுகின்றது. ஒருவரது தோல்வியைக் கணக்கிட்டு நிறுவலாம். இலங்கை அணியின் மார்வன் அத்தபத்து 1990 இல் இந்தியாவுக்கெதிராகச் சண்டிகாரிலும், 1992 இல் அவுஸ்திரேலியாவுக்கெதிராகக் கொழும்பிலும், 1994 இல் மீண்டும் இந்தியாவுக்கெதிராக அகமதாபாத்திலும் ஆடிய முதல் மூன்று டெஸ்ட் ஆட்டங்களின் ஆறு இன்னிங்ஸ்களில் ஒரேயொரு ஓட்டத்தையே பெற்றார். 1997 இல் அவர் திரும்ப அழைக்கப்பட்டபோது தெரிவாளரிடம் அந்த ஓர் ஓட்டம் அன்றி வேறு டெஸ்ட் சான்று இருக்கவில்லை. பின்னர் அவர் 90 டெஸ்ட் ஆட்டங்களில் 5502 ஓட்டங்களையும் ஆறு இரட்டைச் சதங்களையும் பெற்று அணித்தலைவராகவும் விளங்கினார் என்பது யாவரும் அறிந்ததே. தெரிவாளரின் பொறுமையைப் புகழ இக்கதை அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. ஆயின் இது முடிவு தெரிந்த பின்னர் சொல்லப்படும் கதை என்பதை மறத்தலாகாது. மேலும், அத்தபத்து ஈற்றில் ஓட்டங்களினாலேயே தம்மை நிரூபித்தார். அளவுகோல் மாறவில்லை, காலந்தான் தாழ்ந்தது. உதைபந்தாட்டத்தில் எழும் சிக்கல் இதனினும் கடுமையானது. தம் பணியை முழுமையாகச் செய்து முடித்த பின்னரும் ஏட்டில் ஒன்றும் எழுதப்பெறாத ஒருவரை எவ்வாறு மதிப்பிடுவது?

இதற்கு 2018 ஆம் ஆண்டு ரஷ்யாவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டி ஏறத்தாழ ஒரு பரிசோதனைச்சாலைச் சான்றைத் தருகின்றது. கிண்ணத்தை வென்ற பிரான்ஸ் அணியின் மைய முன்கள வீரர் ஒலிவியே ஜிரூ அத்தொடரில் 546 நிமிடங்கள் ஆடினார். ஒரு கோலும் அடிக்கவில்லை. கோல் ஒருபுறமிருக்க, அவர் அடித்த பந்துகளில் ஒன்றுதானும் கோல் கம்பங்களுக்கிடையே குறிதவறாது செல்லவில்லை. முன்கள வீரர் ஒருவருக்கு இதைவிட இழிவான கணக்கைக் கற்பனை செய்தல் அரிது. எனினும் பயிற்றுநர் டிடியே டெஷாம்ப் இரண்டாவது ஆட்டம் முதல் இறுதியாட்டம் வரை அவரைத் தொடக்க அணியிலிருந்து நீக்கவேயில்லை.

முதலாவது ஆட்டத்தை நோக்கினால் காரணம் புலப்படும். ஜூன் 16 ஆந் திகதி அவுஸ்திரேலியாவுக்கெதிராக டெஷாம்ப் கிரீஸ்மன், எம்பாப்பே, டெம்பெலே ஆகிய மூவரையும் முன்னிறுத்தினார். மூவரும் விரைவானவர்கள், மூவரும் பந்தைக் காலில் வாங்கித் திரும்பி ஓட விரும்புபவர்கள். ஆனால், எதிரணியின் பின்களத்தை முதுகால் தாங்கி நின்று, நீண்டு வரும் பந்தை நெஞ்சிலோ தலையிலோ ஏற்று, ஓடிவரும் தோழருக்கு இறக்கிக் கொடுக்க ஒருவரும் இல்லை. ஆட்டம் தடுமாறியது. 70 ஆவது நிமிடத்தில் ஜிரூ இறக்கப்பட்டார். பதினொரு நிமிடங்களின் பின்னர் பொக்பா அவருடன் பந்தை மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து அடித்த பந்து எதிரணி வீரரில் பட்டுக் கோலாயிற்று. பிரான்ஸ் 2–1 என வென்றது. அடுத்து பேருவுக்கெதிரான ஆட்டத்தில் ஜிரூ அடித்த பந்து தடுப்பவரின் காலில் பட்டு உயர்ந்தபோது எம்பாப்பே அதனை வலைக்குள் தட்டிவிட்டார். ஆர்ஜென்டினாவுக்கெதிராக 4–3 என வென்ற ஆட்டத்தில் எம்பாப்பேயின் இரண்டாவது கோலுக்கும் பந்தை வழங்கியவர் அவரே. எம்பாப்பேயும் கிரீஸ்மனும் தலைக்கு நான்கு கோல்களுடன் நாடு திரும்பினர். அந்த எட்டுக் கோல்களும் அவர்கள் இருவரது திறமையால் விளைந்தவையே, அதில் ஐயமில்லை. அத்திறமை இயங்குவதற்கு வேண்டிய வெளியை ஏற்படுத்தியதில் பெரும் பங்கு ஜிரூவினுடையது என்பதுதான் ஏட்டில் இல்லாத செய்தி.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரின் நிலை இதனை ஒத்தது. ஒரே சுருதியை மூச்சு விடாது பிடித்திருப்பதே அவர் தொழில். கச்சேரி முடிந்து வீடு திரும்பும் எவரும் ஒத்துக்காரர் நன்றாக ஊதினார் என்று கூறியதாகக் கதையில்லை. ‘ஒத்தூதுதல்’ என்பது தமிழில் வசைமொழியாகவே ஆகிவிட்டது. ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்ட இந்நாளிலும் அச்சொல் மட்டும் மாறவில்லை. ஆயினும் சுருதி விலகிய மறுகணமே தலைமை வித்துவானின் கற்பனையெல்லாம் அபசுரமாகக் கேட்கும். விலகும்போதே உணரப்படும் மதிப்பு என்பது இதுதான்.

டெஷாம்ப் இத்தகைய மதிப்பை எளிதில் இனங்காணக்கூடியவராய் இருந்தது தற்செயலன்று. அவர் விளையாடிய காலத்திலே, அவரை எரிக் கன்டோனா ‘தண்ணீர் சுமப்பவர்’ என ஏளனஞ் செய்தார். பிறருக்குப் பந்தைப் பறித்துக் கொடுப்பதன்றி வேறொன்றும் தெரியாதவர் என்பது அதன் உட்பொருள். அந்தத் தண்ணீர் சுமப்பவரே 1998 இல் உலகக் கிண்ணத்தை வென்ற பிரான்ஸ் அணியின் தலைவர். அவ்வணியின் மைய முன்கள வீரர் ஸ்டெஃபான் கிவார்ஷும் அத்தொடரில் ஒரு கோலேனும் அடிக்கவில்லை. இத்தனைக்கும் அப்பருவத்தில் பிரெஞ்சு லீக்கில் அதிக கோல் அடித்தவர் அவரே. இறுதியாட்டத்தில் பிரேசிலுக்கெதிராக அவர் தொடக்க அணியில் இருந்தார்; சிடானும் பெற்றியும் கோல் அடித்தனர்; பிரான்ஸ் 3–0 என வென்றது. இருபது ஆண்டுகளின் பின்னர் அதே அணித்தலைவர் பயிற்றுநராக வந்து அதே வகையான முன்கள வீரரை ஊரெல்லாம் நகைத்தபோதும் கைவிடாதிருந்தார். (ஜிரூ பின்னர் 57 கோல்களுடன் பிரான்ஸ் அணிக்காக அதிக கோல் அடித்தவர் என்னும் நிலையை அடைந்தார். இத்தகவலை இவ்வாதத்துக்குச் சான்றாகக் காட்டுவது தவறு. 2018 இல் அவர் செய்த பணி, பின்னர் அவர் அடித்த கோல்களால் நியாயம் பெறவேண்டிய ஒன்றன்று.)

எனினும் இவ்வாதத்தில் ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. ‘கண்ணுக்குப் புலனாகாத மதிப்பு’ என்னும் சொற்றொடரைக் கொண்டு எவரையும் அணியில் வைத்திருக்கலாம். தெரிவாளரின் மருமகனுக்கும் அது பொருந்தும். கோல் அடிக்காதவனெல்லாம் ஜிரூ என்றாகிவிட்டால் விமர்சனத்துக்கு வேலையில்லை. ஆகவே புலனாகாததைப் புலப்படுத்துமாறு தெரிவாளரை வற்புறுத்தும் உரிமை பார்வையாளருக்கு உண்டு: அவனுக்கு ஒதுக்கப்பட்ட பணி யாது? அவன் இல்லாதபோது அப்பணி நின்றுபோவதை ஆட்டத்தில் காட்ட முடியுமா? பிரான்ஸ் அணியைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் அவுஸ்திரேலியாவுடனான ஆட்டமே விடை. ஆனால் மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. அவன் அணியில் தொடர்வதனால் வெளியே அமர்ந்திருப்பவனுக்கு நேர்வது என்ன? இவ்வினாவை எழுப்பும்போது அயல்நாடான இந்தியாவின் தேசிய அணியும் சுனில் சேத்ரியும் நினைவுக்கு வருதல் தவிர்க்கவியலாதது.

சேத்ரியின் சாதனை பற்றி இரு கருத்துக்கு இடமில்லை. 2005 ஜூன் மாதம் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கெதிராக முதன்முதல் ஆடி அன்றே கோல் அடித்த அவர், 2024 ஜூன் 6 ஆந் திகதி கொல்கத்தாவில் குவைத்துக்கெதிராக ஆடி விடைபெற்றபோது 151 ஆட்டங்களில் 94 கோல்களை அடித்திருந்தார். அந்த விடைபெறும் ஆட்டம் கோலின்றி முடிந்தது. கோல்களுக்கு அப்பாலும் அவருக்கு ஒரு மதிப்பு இருந்தது. 2018 ஜூனில் மும்பாயில் சீன தாய்பேக்கெதிராக இந்தியா ஆடியபோது மைதானத்துக்கு வந்தோர் மூவாயிரம் பேர் கூட இல்லை. அவ்வாட்டத்தில் மூன்று கோல் அடித்த அணித்தலைவர் சேத்ரி, எங்களைத் திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்னும் கருத்துப்பட ஒரு காணொளியில் வேண்டிக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு அரங்கு நிறைந்தது. அது அவரது நூறாவது ஆட்டம். துடுப்பாட்டத்தின் நிழலில் ஒடுங்கிக் கிடந்த ஓர் ஆட்டத்துக்காகத் தனியொருவர் கையேந்திய அந்த நிகழ்ச்சியை அறிந்தோர், அவர் மீது இந்திய ரசிகர் கொண்ட பற்றினை எளிதில் விளங்கிக்கொள்வர்.

அவர் விடைபெற்ற பின்னர் இந்திய அணி வெற்றியை மறந்தது. 2024 ஆம் ஆண்டு முழுவதிலும் அவ்வணி ஓர் ஆட்டத்தையேனும் வெல்லவில்லை. அவர் ஆடிய முற்பாதியிலும் இதே கதைதான் என்பதையும் சேர்த்துக் கூறுவதே நேர்மை. 2025 மார்ச்சில் பயிற்றுநர் மனோலோ மார்க்கேஸ், ஓய்வு பெற்றிருந்த நாற்பது வயதுச் சேத்ரியை மீண்டும் அழைத்தார். மார்ச் 19 இல் ஷில்லாங்கில் மாலைதீவை 3–0 என வென்ற நட்புறவு ஆட்டத்தில் அவர் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார். ஆறு நாட்களின் பின்னர் அதே மைதானத்தில் பங்களாதேஷுக்கெதிரான ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம் கோலின்றி முடிந்தது. ஜூனில் ஹொங்கொங்கிடம் 0–1 எனத் தோல்வி. ஒக்டோபரில் சிங்கப்பூரில் 1–1; ஐந்து நாட்களின் பின்னர் கோவாவில் அதே சிங்கப்பூரிடம் 1–2 எனத் தோற்று, 2027 ஆசியக் கிண்ணத்துக்கு நுழையும் வாய்ப்பை இந்தியா இழந்தது. இத்தகுதிகாண் ஆட்டங்களில் சேத்ரியின் பெயரில் ஒரு கோலும் இல்லை.

கண்டனம் எழுந்தது இயல்பே. இருபது வயது இளைஞனுக்குரிய இடத்தை நாற்பது வயதினர் அடைத்துக்கொண்டார் என்றனர் சிலர். பயிற்றுநருக்குத் துணிவில்லை என்றனர் வேறு சிலர். தேநீர்க்கடைக் கேள்வியின் இந்திய வடிவமே இது. ஆனால் மேற்கூறிய வினாக்களை இங்கு வரிசையாகப் பொருத்திப் பார்த்தால் கண்டனம் தவறான முகவரிக்கு அனுப்பப்பட்டது என்பது தெரியவரும். சேத்ரிக்கு ஒதுக்கப்பட்ட பணி கோல் அடித்தல். அப்பணியை அப்போது இந்தியரில் எவர் சிறப்பாகச் செய்துகொண்டிருந்தார்? 2024–25 இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் இந்தியருள் அதிக கோல் அடித்தவர் சேத்ரியே. பெங்களூரு அணிக்காக 14 கோல்கள். அவரைத் தவிர்த்து வேறொருவரைத் தெரிவு செய்திருந்தால் அதற்குத்தான் பயிற்றுநர் விளக்கம் கூறவேண்டியிருக்கும். ஓர் ஆட்டத்துக்கான தெரிவு என்ற அளவில் அது சரியான தெரிவு.

அந்தச் சரியான தெரிவே ஓர் அமைப்பின் குற்ற ஒப்புதலாகவும் அமைந்தது என்பதுதான் இங்கு சிந்திக்கற்பாலது. இந்தியன் சூப்பர் லீக் 2014 இல் தொடங்கியபோது ஒவ்வோர் அணியும் ஒரே வேளையில் ஆறு வெளிநாட்டவரைக் களமிறக்கலாம் என்று விதி இருந்தது. 2017 இல் அது ஐந்தாகவும் 2021 இல் நான்காகவும் குறைந்தது. எண்ணிக்கை குறைந்தபோதிலும் அணிகள் எந்த இடத்தை வெளிநாட்டவருக்கு ஒதுக்கின என்பதில் பெரிய மாற்றம் நிகழவில்லை. பணம் கொடுத்து வாங்கும் கழகம் கோலையே வாங்க விரும்பும். ஆகவே மைய முன்களம் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே ஒதுக்கப்பட்டது. எலானோ தொடக்கம் அலாயெதின் அஜராயி வரை, 2024–25 முடிய நடந்த பதினொரு பருவங்களிலும் அதிக கோல் அடித்தோருக்கான பரிசை வென்றவர்களுள் ஓர் இந்தியரும் இல்லை. இளம் இந்திய முன்கள வீரன் ஒன்றில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான் அல்லது மேலதிக வீரர் வரிசையில் அமர்ந்தான். தேசிய அணிக்கு அழைக்கப்படும்போது, கழகத்தில் தனக்கு ஒருபோதும் கிடைத்திராத இடத்தில் ஆடுமாறு அவனிடம் எதிர்பார்க்கப்பட்டது. நெல்லை இறக்குமதி செய்து வயலைத் தரிசாக விட்டவன், விதைநெல் எங்கே என்று பழைய சாக்கை உதறிப் பார்ப்பதற்கு ஒப்பானது சேத்ரியை மீண்டும் அழைத்த செயல்.

இங்குதான் ஜிரூவும் சேத்ரியும் வேறுபடுகின்றனர். ஜிரூ அணியில் இருந்தமையால் இருபது வயதும் நிரம்பாத எம்பாப்பே வளர்ந்தார். சேத்ரி அணியில் இருந்தமையால் எவரும் வளர்ந்ததாகக் கூறவியலாது. அது அவர் குற்றமன்று. அவரருகே வளரவேண்டியோருக்குக் கழகங்களில் நிலமே இருக்கவில்லை. இருவரும் ஒரே ஏளனத்துக்கு ஆளாயினர் என்பதால் இருவரையும் ஒரே வாதத்தால் காப்பாற்ற முயல்வது விமர்சனமாகாது. முன்னவரை நகைத்தோர் ஆட்டத்தைப் படிக்கத் தவறினர். பின்னவரை நகைத்தோர் ஆட்டத்தைச் சரியாகவே படித்தனர். அதற்குப் பின்னால் இருந்த லீக்கைப் படிக்கவில்லை.

இவ்வுதாரணங்கள் குடாநாட்டுக்குத் தொலைவானவை எனத் தோன்றலாம். ஆயின் இங்குள்ள கழகங்களின் வாழ்க்கையில் இரண்டு வகையினரும் உளர். ஊர்க் கழகங்களை அறிந்தோர், முப்பதைத் தாண்டிய பின்னரும் முதல் அணியில் இடம்பெறும் ஒருவரை எளிதில் நினைவுகூர்வர். கழகத்தின் பந்துகள் அவர் வீட்டு விறாந்தையில் இருக்கும். சுற்றுப்போட்டிக்கு முதல் நாள் மைதானத்துக்குக் கோடு போடுபவர் அவர்; வெளிநாட்டிலிருந்து ஊரவர் அனுப்பும் பணத்துக்குக் கணக்கு எழுதுபவரும் அவரே. ஆட்டத்தில் அவர் ஓட்டம் குறைந்துவிட்டது. எனினும் பின்களத்து இளைஞனை எங்கு நிற்கவேண்டும் எனக் கூவி நிறுத்துவார். வலிகாமம் வடக்கைப் போன்று 1990 இல் முழுதாக இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டுக்கு மேலாக மீள முடியாதிருந்த ஊர்களைப் பொறுத்தவரை இத்தகையவரின் பொருள் இன்னும் ஆழமானது. ஊர் கையில் இல்லாத காலத்திலும் கழகத்தின் பெயர் அழியாதிருக்க வேண்டுமானால், அப்பெயரைச் சொல்லிப் பதினொரு பேரைத் திரட்ட ஒருவர் வேண்டும். அவரை முதல் அணியிலிருந்து நீக்குதல் ஒரு முன்கள வீரரை மாற்றுவது போன்றதன்று என்று அவ்வூரார் உணர்ந்தால் அதனைப் பழமைப் பற்று என ஒதுக்கிவிட முடியாது.

எனினும், அந்த மதிப்பை அளிப்பதற்குத் தொடக்க அணியில் ஓர் இடத்தைத் தவிர வேறு நாணயமே கழகங்களிடம் இல்லாதிருப்பது குறைபாடே. பயிற்றுநர், முகாமையாளர், தெரிவுக்குழு உறுப்பினர் என்னும் பதவிகள் பெரும்பாலான ஊர்க் கழகங்களில் பெயரளவிலேயே உள்ளன. அவற்றை ஏற்பவருக்கு ஆடுபவருக்குரிய மரியாதையில் பாதியேனும் கிடைப்பதில்லை. ஆகவே மதிப்புக்குரியவர் ஆடிக்கொண்டே இருக்கிறார். ஆடாவிட்டால் அவர் அவ்வூரில் யார் என்பது அவருக்கே தெரியாதுபோகும்.

இதற்கு நேர்மாறான நிலை பாடசாலைகளில் காணப்படுகின்றது. பாடசாலை அணிகள் வயதெல்லையால் கட்டுண்டவை. எத்தனை கோல் அடித்தவனாயினும், எத்துணை மதிப்புக்குரியவனாயினும், வயது கடந்த மறுவருடம் அவனுக்கு அங்கு இடமில்லை. ஆசிரியர் புதிய முன்கள வீரனைத் தேடியே ஆகவேண்டும். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவியர் அணி, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மாறிக்கொண்டிருக்கவும், அகில இலங்கை மட்டத்தில் மீண்டும் மீண்டும் முன்னணிக்கு வந்தமை இங்கு கருதத்தக்கது. அங்கு எவரும் இன்றியமையாதவராக நிலைக்க முடியாது; அதனாலேயே அடுத்தவரை ஆயத்தப்படுத்துதல் அன்றாட வேலையாகிவிடுகின்றது. பாடசாலையை விட்டு வெளியேறிய பிள்ளை எங்கே ஆடுவது என்பதுதான் கேள்வி. பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு விடை அரிது. ஆண்பிள்ளை ஊர்க் கழகத்துக்கு வருகிறான். அங்கு முன்களத்தில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

பத்தொன்பது வயதில் பாடசாலை அணியின் மைய முன்கள வீரனாக இருந்தவன், இருபதாவது வயதில் மைதானத்தின் ஓரத்தில் மேலாடையோடு அமர்ந்திருக்கிறான். கடைசிப் பத்து நிமிடங்களுக்கு, அதுவும் பின்னணியில் நிற்கும்போது, இறக்கப்படுகிறான். அந்தப் பத்து நிமிடத்தில் கோல் அடித்தாலன்றி அவன் தகுதியற்றவன். மூத்தவருக்குக் ‘கண்ணுக்குப் புலனாகாத மதிப்பு’ என்னும் தராசு. இளையவனுக்குக் கோல் என்னும் தராசு. ஒரே அணியில் இரு தராசுகள் தொங்குவதைத்தான் உண்மையான பாரபட்சம் எனல் வேண்டும். மாமன் மருமகன் உறவு அதற்கு அவசியமேயில்லை. இரண்டு, மூன்று பருவங்கள் இவ்வாறு அமர்ந்திருந்த பின்னர் அவன் கடவுச்சீட்டு எடுக்கிறான் அல்லது கொழும்பிலே வேலை தேடுகிறான். கழகமோ, பார்த்தீர்களா, இளையவர்களிடம் பற்றில்லை, ஆகவேதான் மூத்தவர் ஆடவேண்டியிருக்கின்றது என்கிறது. இந்தியன் சூப்பர் லீக் பெருஞ்செலவில் செய்ததனைக் குடாநாட்டுக் கழகங்கள் செலவின்றியே செய்து முடிக்கின்றன.

2025 ஒக்டோபர் 9 ஆந் திகதி சிங்கப்பூரில் நடந்த ஆட்டத்தில் 90 ஆவது நிமிடம் வரை இந்தியா பின்னணியில் இருந்தது. அப்போது கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தவர் ரஹீம் அலி என்னும் முன்கள வீரர். 2017 இல் பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணத்தை இந்தியா நடத்தியபோது அந்நாட்டின் அணியில் இருந்த பிள்ளைகளுள் அவரும் ஒருவர். பின்னர் ஐந்து பருவங்கள் சென்னையின் எப்.சி. அணிக்கு ஆடினார். அந்த ஆண்டுகளில் அக்கழகம் மைய முன்களத்துக்கு லிதுவேனியா நாட்டு வால்ஸ்கிஸ் உட்படப் பல வெளிநாட்டவரை ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவந்தவண்ணம் இருந்தது. சிங்கப்பூரில் அக்கோலை அடித்தபோது ரஹீம் அலிக்கு வயது இருபத்தைந்து.